குல்லா போட்ட முயலும் குளுருக்குப் பயந்த நானும்

எங்க ஊட்ல ஒரு முயலு இருக்குதுங்க. முயலுன்னதும் உள்ளங்கையில உக்கார்ற வெள்ளக் குட்டின்னு நெனச்சுக்காதீங்க. இதத் தூக்க என் ரெண்டு கையும் பத்தாது. தெருநாயி ஒண்ணு வாசல்ல எட்டிப் பாத்துட்டு, எதுக்கு வம்புன்னு திரும்பிப் போயிருச்சு. நெறம் சாம்பலு. காது ரெண்டும் நிமுந்து நிக்காது, கன்னத்த ஒட்டிக்கிட்டு தாடைக்குக் கீழ தொங்கும். வெளிநாட்டுச் சாதியாம். மொத தடவ பாத்தப்ப, பாவம் சீக்கு வந்து காது வாடிப்போச்சுன்னுதான் நான் நெனச்சேன்.

என் ஊட்டுக்காரி ஒரு காட்டேஜ்ல கூட்டிப் பெருக்குற வேலைக்குப் போறா. அங்க குடியிருந்தவங்க ஊரக் காலி பண்ணிட்டு வெளிநாடு போறப்ப, "அக்கா, நீங்கதான் நல்லாப் பாத்துக்குவீங்க, புல்லு நெறையாப் போடுங்க"ன்னு சொல்லி அவ கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. புல்லு போடச் சொன்னாங்க, நாங்களும் போட்டோம். நான் மட்டும் புல்லோட நிக்கல.

என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லிடறனுங்க. பொறந்தது சேலம். மூணாவதோட பள்ளிக்கூடமே என்ன வேண்டாம்னு சொல்லிருச்சு. ஏற்காடு ஏரிக்கரையில பஜ்ஜிக்கட வச்சிருக்கேன். கத்துறதுதான் பொழப்பு. "சூடா பஜ்ஜி சார், தின்னு பாத்துப்போட்டு திட்டுங்க சார்"னு நான் ஒரு கொரலு குடுத்தா ஏரியில போட்டுல போறவன் துடுப்ப நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்பான். ஊட்லயும் அதே தொண்டதான். முயலு வந்த அன்னைக்கே நான் "ஏ கண்ணு!"ன்னு கூப்புட்டதும், பின்னங்கால டப்புனு தரையில ஒரு ஒத ஒதச்சுட்டு கட்டிலுக்கு அடியில போயிருச்சு. அவ கூப்புட்டா மட்டும் வரும். அவ "சாமி"ன்னு மெதுவாத்தான் கூப்புடுவா. எனக்கு நொம்பப் பொறாம. இத்தன வருசத்துல என்னய ஒரு தடவ சாமின்னு கூப்புட்டதில்ல.

சரி, வாயால ஆவாதத வவுத்தால சாதிக்கலாம்னு பேக்கரியில பன்னு வாங்கியாந்து பிச்சுப் போட்டேன். வந்துச்சு. பிஸ்கோத்து போட்டேன், ஓடி வந்துச்சு. எனக்கு பெருமன்னா பெருமையில்லைங்க.

அப்பறம் மார்கழி வந்துச்சு. இத்தன வருசமா மலையில இருந்தும் இந்தக் குளுரு எனக்கு ஒத்துக்கல. சன்னல்லாம் சாத்தி, இடுக்குல துணி அடச்சு, மண்சட்டியில கரிக்கங்கு வச்சு, சொட்டரு மேல சொட்டரு போட்டுக்கிட்டுத்தான் உக்காருவேன். அப்புடி உக்காந்து முயலப் பாத்தா மனசு கேக்கல. நம்ம காதாவது தலையோட ஒட்டிக்கிட்டு இருக்குது, இதுக்கு அத்தாம்பெரிய காது வெளிய தொங்குதே, வெறச்சுப் போயிருமேன்னு ஒரே வெசனம். என்னோட பழைய கொரங்குக்குல்லாவ வெட்டித் தச்சு, ரெண்டு காதயும் உள்ள மடிச்சு வச்சு மாட்டிவிட்டேன். கங்குச்சட்டியயும் அதுக்குப் பக்கமா தள்ளி வச்சேன். அது அப்புடியே நீட்டிப் படுத்துக்கிச்சு. சொகமாத் தூங்குதுன்னு நெனச்சு நானும் சொகமாத் தூங்கிட்டேன்.

விடிஞ்சு பாத்தா எந்திரிக்கல. பன்னு போட்டேன், மோந்து கூடப் பாக்கல. அவ புல்லு நீட்டுனா, அதுக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. வவுத்த அள்ளப் பக்கமாத் தொட்டா கல்லாட்டம் இருந்துச்சு. ராத்திரி முச்சூடும் ஒரு புழுக்க கூடப் போடல. மூச்சு மட்டும் தப்தப்புனு அடிக்குது. "ஏனுங்க, பொழைக்குமுங்களா?"ன்னு அவ கேட்டா. எதக் கேட்டாலும் டக்குனு ஒரு பதிலு வச்சிருக்கறவன் நான். அன்னைக்கு வெங்காயக் கூடையத்தான் கொட்டிக் காலி பண்ணுனேன்.

அந்தக் கூடையில அத வச்சுக்கிட்டு, ஆளுக்கு இவ்வளவுன்னு ஏத்திக்கிட்டுப் போற சேர் ஜீப்புல மாட்டாஸ்பத்திரிக்குக் கெளம்புனோம். பக்கத்து ஊரு மஞ்சக்குட்டைக்காரன் ஒருத்தன்தான் வண்டி ஓட்டுனான், நம்ம கடையில தெனம் பஜ்ஜி திங்கறவன். கூடைய எட்டிப் பாத்துட்டு, "என்னுங்கண்ணா, முயலுக்குட்டிங்களா ஆட்டுக்குட்டிங்களா? சுக்காவா, கொழம்பா?"ன்னான். என் ஊட்டுக்காரி திரும்பி, "உங்க ஊட்ல பந்தி போடறப்ப சொல்லியனுப்பறனுங்க. இப்ப வண்டிய மட்டும் ஓட்டுங்க"ன்னா. அதுக்கப்பறம் வழியில ஒரு ஆளக் கூட ஏத்தாம நேரா கொண்டுபோயி எறக்கிவிட்டான், பாவம்.

டாக்டரம்மா மொதல்ல அந்தக் குல்லாவத்தான் பாத்தாங்க. "யாருங்க இத மாட்டுனது?"

"நாந்தானுங்க. குளுருமில்லைங்களா?"

"யாருக்குக் குளுருச்சு?"

யோசிச்சுப் பாத்தேன். "எனக்குத்தானுங்க."

அவங்க சிரிக்கல. "நான் மாடு, ஆடு பாக்கறவ, இருங்க கேட்டுடறேன்"னு, முயலுக்கு வைத்தியம் பாக்கற இன்னொரு டாக்டருக்குப் போன் போட்டுப் பேசுனாங்க. அப்பறம் எனக்குப் புரியறாப்புல சொன்னாங்க. முயலுக்கு வேர்க்காதாம். ஒடம்புச் சூடு காது வழியாத்தான் வெளிய போவணுமாம். நான் அந்தக் காதக் கட்டிவச்சு, பக்கத்துல அடுப்பும் வச்சு அவிச்சிருக்கேன். அதோட அதுக்கு வவுறு எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணுமாம், அதுக்குத்தான் புல்லாம். நான் போட்ட பன்னும் பிஸ்கோத்தும் சேர்ந்து வவுத்த நிறுத்திப்போட்டுது.

ஒரு ஊசி போட்டு, வாயில தண்ணி விடறதுக்கு ஊசியில்லாத சிரிஞ்சு ஒண்ணு குடுத்தாங்க. "வவுத்த மெதுவா நீவி விடுங்க. நாளைக்குக் காலையிலக்குள்ள புழுக்க போட்டுருச்சுன்னா பொழச்சுக்கும். போடலீன்னா கஷ்டமுங்க. பக்கத்துல யாரும் சத்தம் போடக்கூடாது, பயந்துச்சுன்னா வவுறு இன்னும் இறுகிக்கும்"னாங்க.

அவ காட்டேஜ்ல அன்னைக்குன்னு கூட்டம், போயே ஆவணும். நான் கடைய அடச்சுப்போட்டு ஊட்ல உக்காந்தேன். கங்குச்சட்டியத் தூக்கி வெளிய வச்சேன். இடுக்குல அடச்ச துணியப் புடுங்கி, சன்னல்லாம் தொறந்துவிட்டேன். பனி நேரா உள்ள வந்து விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் உக்காந்துக்கிச்சு. முயலு செவப்புச் செமெண்டுத் தரையில வவுத்தப் பதிச்சுப் படுத்திருந்துச்சு. தண்ணிய சொட்டுச் சொட்டா விடறது, வவுத்த நீவறது, மறுபடி தண்ணி விடறது. அதோட மூஞ்சிக்கு நேரா என் மூஞ்சி இருக்கட்டும்னு நானும் தரையில படுத்துக்கிட்டேன். பல்லு கடகடன்னு ஆடுது. அந்தச் சத்தத்துக்கும் பயந்துருமோன்னு வாயில துண்டக் கடிச்சுக்கிட்டேன்.

நான் அவ்வளவு நேரம் வாய மூடி இருந்ததே இல்லைங்க. பேசிக்கிட்டே இருந்தா மனசுல ஒண்ணும் தங்காது, அது ஒரு சவுரியம். சும்மா கெடந்தா ஒவ்வொண்ணா வந்து நிக்குது. எனக்குக் குளுருச்சு, அதுக்குக் குல்லா போட்டேன். எனக்குப் பன்னு புடிக்கும், அதுக்குப் பன்னு போட்டேன். அது மேல எனக்கு பிரியந்தான், பொய்யில்ல. ஆனா அதுக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவ கூட அதும்பக்கம் இருந்து பாக்கல. வாயில்லாத ஜீவன்னு எல்லாரும் சொல்றாங்க. இத்தன நாளா அது காலால ஒதச்சு ஒதச்சு என்னமோ சொல்லிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் கேக்கறதுக்கு எங்க நேரம்?

சாயங்காலம் அவ வந்தா. வந்தவ வாசப்படியிலயே நின்னுட்டா. நான் கூட முயலுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாக்கறாளாக்கும்னு நெனச்சு, "இருக்குது, இருக்குது"ன்னு கிசுகிசுத்தேன். அவ நேரா சன்னல்கிட்டப் போயி, மூஞ்சிய வெளிய நீட்டி ஒரு மூச்சு இழுத்தா. அவ மாரமங்கலத்துக்காரி. மலையிலயே பொறந்து, காப்பித் தோட்டத்துப் பனியில வளந்தவ.

"நல்லா இருக்குதுங்க"ன்னா. "இந்த ஊட்ல எனக்கு மூச்சு முட்டிக்கிட்டே இருக்குமுங்க."

"இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னனுங்களே. நீங்கதான் பேசிக்கிட்டே இருந்தீங்க."

அதுல கோவம் இருந்தா ஏதாவது எதுத்துப் பேசியிருப்பேன். அவ சும்மா சாதாரணமாத்தான் சொன்னா. பக்கத்துல உக்காந்து, முயலு வவுத்துல என் கை நீவுன எடத்துல அவ கைய வச்சுக்கிட்டா. ராத்திரி மாத்தி மாத்தி நீவிட்டு, விடியறதுக்கு முன்னால நான் கொஞ்ச நேரம் போயி கம்பளிக்குள்ள பூந்துக்கிட்டேன். சன்னல மட்டும் சாத்தல.

வெளுக்கறப்ப எந்திரிச்சுப் பாத்தேன். அவ செவுத்துல சாஞ்சு தூங்கிட்டிருந்தா. முயலு படுத்த எடத்துல இல்ல. மெதுவா நவுந்து பாத்தா, கதவோரமா முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்குது. தரையில மெளகாட்டம் சின்னச் சின்னதா, கருப்பா, நாலஞ்சு புழுக்க. இன்னுங் கொஞ்சம் தள்ளி ரெண்டு. அதுக்கும் அந்தாண்ட அருகம்புல்லு. அந்தப் புல்ல ஒவ்வொண்ணா இழுத்து, கறுக்கு கறுக்குனு தின்னுக்கிட்டு இருக்குது.

எனக்கு வந்த சந்தோசத்துக்கு ஏரிக்கரை வரைக்கும் கேக்கறாப்புல கத்தியிருக்கணும். வாயப் பொத்திக்கிட்டேன். போன எடுத்துக்கிட்டு மூலையில குந்தி டாக்டரம்மாவுக்குப் போட்டேன்.

"போட்டுருச்சுங்க. தின்னவும் தின்னுதுங்க."

"நல்லதுங்க. ஏன் இப்புடிக் குசுகுசுன்னு பேசறீங்க?"

"ரெண்டு பேரு இருக்காங்கம்மா. ஒருத்தி தூங்கறா, ஒண்ணு சாப்புடுது."