சம்பந்திகள் ஆடும் கோல்ஃப்

கண்ணாடிக் கடைக்காரர் கோல்ஃப் ஆடுவதைப் பார்த்தால் அவரிடம் யாரும் கண் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். தான் அடித்த பந்து எந்தப் பக்கம் போனது என்றே அவருக்குத் தெரியாது. ஓங்கிய மட்டையோடு நின்று "எங்க போச்சு?" என்பார். நான் புதரைக் கைகாட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேராக ஆடுகிறோம். மூன்றாவது ஆளான நான் பல் டாக்டர். பந்து தேடுவதும் என் தலையில்தான் விழும்.

கண்ணாடிக் கடைக்காரரின் ஆட்டம் சுமார்தான் என்றாலும் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. விலையுயர்ந்த மட்டைகள் எல்லாம் வியாபாரிகளின் சதி என்பார். அடிப்பதற்கு முன் வெறும் காற்றில் வீசிப் பார்க்கிறவன் பயந்தாங்கொள்ளி என்பார். அவரே நாலு முறை வீசுவார். பந்து தண்ணீரில் விழுந்தால் குளத்தைத் திட்டுவார். என்றைக்காவது ஒரு நல்ல அடி விழுந்துவிட்டால் தொலைந்தது. அந்த வாரம் முழுக்க, கண் பரிசோதனை இயந்திரத்தில் தாடையை வைத்து அசையாமல் இருப்பவர்களிடம் அந்தக் கதைதான் ஓடும். பாவம், அவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

இன்னொருவர் பெயின்ட் கடை முதலாளி. கண்ணாடிக் கடைக்காரர் பெண்ணைக் கொடுத்த இடம். சிக்கலே அங்கேதான். ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு மிக அருகில் நின்றுவிட்டால் எதிராளி "எடுத்துக்குங்க" என்று சொல்லலாம். குழியில் போட்டதாகவே கணக்கு. கண்ணாடிக் கடைக்காரரோ, சம்பந்தியின் பந்து ஒரு கட்டில் நீளத்துக்கு அப்பால் நின்றாலும் "எடுத்துக்குங்க சம்பந்தி" என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதர் கடைசித் தட்டு தட்டி நான் பார்த்ததே இல்லை. தன்னைப் பெரிய ஆட்டக்காரர் என்று அவர் நம்பத் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பந்தை மட்டும் நான் குழியில் போட்டே ஆகவேண்டும் என்பார்கள் இரண்டு பேரும்.

போன ஞாயிறு கண்ணாடிக் கடைக்காரர் முகமே சரியில்லை. சம்பந்தி வருவதற்குள் விஷயத்தைக் கொட்டினார். மகள் பிசியோதெரபி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு பெயின்ட் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, மறுநாள் சேரவேண்டும். மாமனாரிடம் கேட்டதற்கு, "அப்புறம் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டாராம்.

"'வாராவாரம் அவர்கூட அரை நாள் சுத்தறீங்களே, எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதாப்பா'ன்னு கேட்டா டாக்டர். போன வாரமே கேட்டா. பேசறேன்னு சொன்னேன். வாயே வரல."

"இன்னிக்காவது பேசித் தொலைங்க," என்றேன்.

பேசினார். மழையைப் பற்றி, புல்லைப் பற்றி, சம்பந்தியின் புதுத் தொப்பியைப் பற்றி. எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

கடைசிக் குழிக்கு வந்துவிட்டோம். சம்பந்தியின் பந்து குழிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. வழக்கம்போல எடுக்கக் குனிந்தார்.

"போட்டுடுங்க சம்பந்தி," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

குனிந்தவர் நிமிர்ந்தார். "என்னது?"

"தட்டிப் போட்டுடுங்க."

தட்டினார். பந்து குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது. சம்பந்தியின் முகம் சிவந்துவிட்டது.

"இவ்வளவு நாள் விட்டுக்கொடுத்தீங்க. இன்னிக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

நம் ஆள் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கவே தெரியாமப் போச்சு. என் பொண்ணு நாளைக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகணும். கல்லாவுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். என்ன நடக்குமோ என்று பயமும் இருந்தது. சம்பந்தி மறுபடி தட்டினார், விழுந்தது. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் யாரும் மறுத்துப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

"அவளும் கேட்டா. நான்தான் காதுல போட்டுக்கல," என்றார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மருமகளுக்குப் போன் போட்டார். எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கும்மா டியூட்டி?"

"எட்டு மணிக்கு மாமா. சேர்றேன்னு ஆஸ்பத்திரில வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். இன்னிக்கு உங்ககிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"உங்கப்பாதான்."

"அப்பாவா?" என்றாள். "உங்ககிட்டயா?"

அப்பா பேசப்போவதில்லை என்று தெரிந்துதான் பெண் தானே முடிவெடுத்திருக்கிறாள். எனக்கே சுருக்கென்றது. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர் ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து வந்து போனை வாங்கினார். கண் கலங்கியிருந்தது.

"அப்பாதாம்மா," என்றார். "லேட்டாப் பேசிட்டேன்."