விரல் நுனியில் விபூதி

ஆலத்தியூர் சாலையில் எங்கள் பஸ் கவிழ்ந்த பிறகு, பிழைத்தவர்களுக்காக அரியலூருக்கு வாராவாரம் ஒரு மனநல டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். விபத்தை நினைக்கச் சொல்லி, கண்ணெதிரே இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவார். கண் அவற்றைப் பின்தொடர வேண்டும்; பயம் போக அதுதான் சிகிச்சை. டீ சொல்லும்போதும் அந்த விரல்கள் ஆடும்.

"மந்திரிக்க வந்தவரு விபூதி இல்லாமயா வந்தாரு?" என்று சனம் எழுந்து போனது. மறுவாரம் விரல் நுனியில் விபூதியோடு வந்தார். கூட்டம் தாங்கவில்லை. ஹாரன் கேட்டாலே நடுங்கிய கண்டக்டர் மறுபடி விசில் ஊதினார். புகழெல்லாம் விபூதிக்குப் போனது.

"படிச்சவரு நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?" சைக்கிளை எடுத்தபடி பகுத்தறிவோடு கேட்டேன்.

"வெள்ளையா இருந்தா கண்ணு நல்லா பின்னாடியே வருதுங்க" என்றவர், சைக்கிளைப் பார்த்தார். "நீங்க இன்னும் பஸ் ஏறலீங்களா? உங்களுக்கு வேணா விபூதி இல்லாம பண்ணட்டுங்களா?"

சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டேன்.