என் வயிற்றில் எரிந்த மாவிளக்கு

முத்தாரம்மனைக் கும்பிடும் என் சொந்தங்களுக்கு, குத்துக்கல்வலசை இசக்கியம்மாள் எழுதுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லப் போகிறேன். சிலருக்கு இது பிடிக்காது. உறைக்கிறவர்களுக்கு உறைக்கட்டும்.

போன வருஷம் தை மாதம் கண்புரை ஆபரேஷனுக்காகத் தென்காசிக்குப் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், "கண்ணு பொறுக்கும்மா, முதல்ல ஈரலக் காட்டுங்க" என்றார்கள். ஹெபடைடிஸ் சி. அப்படி ஒரு நோய் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளியே தன் ஆட்டோவில் காத்திருந்தவரிடம் சொன்னேன். "கண்ணக் காட்டப் போனவ ஈரலத் தூக்கிட்டு வந்து நிக்கா. ஏட்டி, உனக்கு எதுலயும் ஒரு அளவே கெடையாதா?" என்று சிரித்தார். சிரித்த மனுஷனால் சாவியைத் துளையில் போட முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். இந்தக் கிருமி வருஷக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்திருக்கிறது. இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் ஏற்றினார்கள், அதில் வந்திருக்கலாம், ஊசியில் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஈரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டது. அப்படியே விட்டால் சுருங்கும், புற்றுநோய்கூட வரலாம்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாளி நிரம்பி வழிந்தது. நானும் நிறுத்தவில்லை.

நோயைவிட ஊர்ப்பேச்சு வேகமாகப் பரவியது. "காமாலையாம், ஒட்டிக்கிடுமாம்." பக்கத்து வீட்டில் இருக்கும் பேச்சியம்மாள் என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு மைனி. பிரசவத்தில் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவர். அவரே எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்துத் தன் வீட்டு ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். அதோடு விட்டாரா?

எங்கள் தெரு முத்தாரம்மன் கோயிலில் ஆடியில் கொடைத் திருவிழா. வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி ஊறப்போட்டு, இடித்து, கருப்பட்டி சேர்த்து, மாவிளக்குக்குப் பிசைகிறது என் கை. கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அந்த வேலை எனக்குத்தான். மைனி வாசலில் நின்றே சொன்னார்: "இந்த வருசம் நீ பூவக் கெட்டிக் குடு, போதும். மாவுல கை வைக்காண்டாம். நாலு பேரு திங்குதது பாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். கைகூடக் கூப்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"தாயே, இந்தக் கிருமி என் ரத்தத்த விட்டுப் போகணும். போனதுக்கப்புறம் மாவிளக்கு எடுக்கேன்னு ஒன்கிட்ட பேரம் பேச மாட்டேன். குணமானாலும் ஆகாட்டாலும் இந்தக் கொடைக்கே என் வயித்துல வெளக்கு எரியும். அந்த மாவ நாலு பேரு வாங்கித் திங்கணும். ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு."

மாசியில் மாத்திரை ஆரம்பித்தது. அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. மூன்று மாதம், தினமும் ஒரே நேரம், ஒரு நாளும் விடக்கூடாது. விளக்கேற்றியதும் மாத்திரை என்று வைத்துக்கொண்டேன். முதல் சில வாரம் தலை கனத்தது, உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். சோறு இறங்கியது, ஆட்டோ வாடகை விஷயத்தில் வீட்டுக்காரரோடு சண்டை போடத் தெம்பும் இருந்தது.

ஒரு நாள் மைனி குற்றாலத்திலிருந்து ஒரு மூலிகைப் பொடியோடு வந்தார்.

"மாத்திரய நிறுத்திட்டு இதக் குடி. உப்பில்லாப் பத்தியம். இங்கிலீசு மருந்து சூடுட்டி, ஈரல் வெந்துரும். செங்கோட்டையில ஒருத்தன் இதே சீக்குக்கு ஊசி போட்டு, காய்ச்சல்ல கெடந்து, மயிரெல்லாம் கொட்டிப் போச்சு."

"மைனி, பொடிய அலமாரில வைங்க. மாத்திரய நிறுத்த மாட்டேன்."

"அப்ப சாமிய நம்பல நீ."

"நம்புததுனாலதான் முழுங்குதேன்."

"பெரிய வாய் ஒனக்கு. அடுத்த தடவ நானும் வாரேன். அந்த டாக்டரம்மாட்ட நாக்கப் புடுங்குத மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

வந்தார். கேட்டார். டாக்டரம்மா ஒரு கேள்வியைக்கூடத் தட்டவில்லை. செங்கோட்டைக்காரருக்குப் போட்டது பழைய காலத்து ஊசி, அது ஆளைப் பாடாய்ப் படுத்தும், இது வேறு மருந்து. பெரும்பாலோருக்குக் குணமாகிறது, எல்லாருக்கும் முதல் தடவையிலேயே ஆகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பொடி, வேர் எதையும் கேட்காமல் இதோடு சேர்க்காதீர்கள், சிலது மாத்திரையைக் கெடுக்கும். இது ரத்தத்தில் பரவுவது. ஒருவருடைய பிளேடு, பல் பிரஷ்ஷை இன்னொருவர் எடுக்கக்கூடாது. சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம்.

"ஒரே டம்ளர்ல குடிச்சா?" என்றார் மைனி.

"குடிங்க."

"அவ பெசைஞ்ச மாவு?"

"எனக்கும் ஒரு உருண்டை குடுத்து விடுங்கம்மா."



வைகாசியில் மாத்திரை முடிந்தது. கிருமி போனதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் கொடை வந்துவிட்டது.

தெரு மாவை வேறு கைகள் பிசைந்தன. நான் என் அரிசியை என் உரலில் இடித்தேன். குற்றாலத்துச் சாரல் கோயில் பந்தலை நனைத்துக்கொண்டிருந்தது. அம்மன் முன்னால் மல்லாந்து படுத்தேன். வயிற்றில் ஈரத்துணி, அதன்மேல் வாழையிலை, அதன்மேல் மாவு. குழியில் நெய் விட்டுத் திரி ஏற்றினார்கள். ஈரல் இருக்கிற வலப்பக்கமாக நானே நகர்த்தி வைத்துக்கொண்டேன். மூச்சு விடும்போதெல்லாம் சுடர் ஏறி இறங்கியது. "பார்த்துக்கோ, இன்னும் எரியுது" என்றேன் அவளிடம்.

விளக்கு மலையேறியதும் எழுந்து மாவைப் பிட்டு நீட்டினேன். ஒருத்தி கூட்டத்துக்குப் பின்னால் போனாள். ஒருத்திக்குத் திடீரென்று பிள்ளை ஞாபகம் வந்தது. என் கை அப்படியே நின்றது.

கொலுசுச் சத்தம் கேட்டது. மைனி. என் உள்ளங்கையிலிருந்தே அள்ளி வாயில் போட்டார். மென்றுகொண்டே திரும்பினார்.

"கருப்பட்டி கம்மி. ஏட்டி, என்ன எல்லாரும் படமா பாக்குதிய? டாக்டரே உருண்ட கேட்டிருக்கா. கைய நீட்டுங்கட்டி!"

நீட்டினார்கள். எல்லாரும் இல்லை. ஆனால் நான் கேட்ட நாலு பேருக்குமேல். ரிப்போர்ட் வந்தபிறகு தின்றிருந்தால் அது காகிதத்துக்குக் கொடுத்த மரியாதை. இது எனக்குக் கிடைத்தது.

ஆவணியில் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி இல்லை. தழும்பு இருப்பதால் ஈரலை அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும், மறுபடி தொற்றவும் கூடும், கவனம் என்றார் டாக்டரம்மா. சரி என்றேன். பிறகு கண் ஆபரேஷனும் முடிந்தது. அம்மன் முகத்தை இப்போது தெளிவாகப் பார்க்கிறேன். என்னிடம் மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் சிரிக்கிறாள்.

"குணமாக்குனது மாத்திரையா, முத்தாரம்மனா?" என்று வீட்டுக்காரர் சீண்டுகிறார். கிருமியைக் கொன்றது மாத்திரை. கண்ணைச் சாக்கு வைத்து என்னை அந்த மாத்திரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவள் யார்? அதையும் சொல்லட்டும்.

என் சொந்தங்களே, சாமியைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள். முன்பு ரத்தம் ஏற்றியவர்கள் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேளுங்கள், உரிமையோடு கேளுங்கள், இடுப்பில் கை வைத்துக்கூடக் கேளுங்கள்.

இந்த ஆடிக்குத் தெரு அரிசி முழுக்க என் வீட்டில்தான் ஊறுகிறது. மைனி ஜன்னலில் இருந்த அந்த டம்ளரை எடுத்துத்தான் தன் வீட்டு அரிசியை எனக்கு அளந்து போட்டார். கொடைக்கு வாருங்கள். இந்தத் தடவை கருப்பட்டி கூடுதல்.