அப்பாவுக்கு எந்த ஊர்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒட்டு வீட்டு வரிசையில், யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார், பிறகு எப்படி ஹந்தானைக்கு வந்தார், எல்லாம் மனப்பாடம். என் அப்பா மட்டும் "ஹேவாஹெட்ட பக்கம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடப் போய்விடுவார். ஒரு கல்யாண வீட்டில் ஹேவாஹெட்டக்காரர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்தத் தோட்டம், எந்த லயம் என்று குடைந்தபோது, மனுஷர் சாப்பிடாமலேயே எழுந்து வந்துவிட்டார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஜெயிலில் இருந்தவர் என்றார்கள். வேறெங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது என்றார்கள். குழாயடியில் என் காதுபட அதைச் சொன்ன ஒருத்தியின் குடத்தை நான் உருட்டிவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. ஆனாலும் உள்ளுக்குள் எனக்கும் அரித்துக்கொண்டேதான் இருந்தது. அம்மாவைக் கேட்டால், "ஒங்கப்பா ஒனக்கு என்ன கொற வச்சாரு?" என்று வாயை அடைத்துவிடுவார். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அதைவிட மோசம். பேச்சை எடுத்தாலே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அப்பாவைப் பெற்றவர்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. செத்துப்போயிருப்பார்கள் என்று நானும் தங்கச்சியும் நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்குப் போனால் அப்பா மீன் கடையைச் சும்மா கடந்து வர மாட்டார். வாங்குவதற்கு இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ஐஸ்ல ரொம்ப நாள் படுத்த மீனு" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்வார். நான் வெட்கத்தில் நாலு கடை தள்ளிப் போய் நிற்பேன். கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிற ஆளுக்கு மீனைப் பற்றி என்ன இவ்வளவு பேச்சு என்று எரிச்சலாக வரும்.

தங்கச்சி நிறைமாதமாக இருந்த அந்த மழைக்காலத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. காலையில் வலி கண்டதும் அவள் புருஷன் ஒரு வான் பிடித்து வந்தார். பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பி இரண்டாவது வளைவு தாண்டவில்லை, பாதையோரம் இளகிப் பின்சக்கரம் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட்டது. தங்கச்சியை இறக்கி, ரோட்டோரம் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, அம்மாவும் நானும் குடை பிடித்தோம். கீழே போன் போட்டால், அந்த மழையில் மேலே ஏற எந்த ஆட்டோக்காரரும் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகி ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். என் கையை நெரித்துக்கொண்டு, "அக்கா, இதுவும் போயிருமா?" என்று கேட்டாள்.

லயமே ஓடி வந்தது. லொறிக் கயிற்றை வானில் கட்டியதும் பெரிய மாமா அதிகாரமாக, "இழுங்கடா!" என்று கத்தினார். இழுத்தார்கள், ஆளுக்கொரு நேரத்தில். கயிற்றைத் தோளில் போட்டு, வானுக்கு முதுகைக் காட்டி இழுத்து, சேற்றில் வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வான் கொஞ்சம் எழும்பும், மறுபடி உட்காரும். உட்காரும்போதெல்லாம் முன்னைவிட ஆழமாக உட்கார்ந்தது.

அப்பா கயிற்றின் கடைசியில் நின்றிருந்தார். கயிற்றை விட்டுவிட்டுப் பெரிய மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"தோள்ல போடாதீங்க. வண்டியப் பாத்துத் திரும்பி நில்லுங்க. இடுப்பக் குடுத்துச் சாஞ்சு, பின்னுக்கு நடங்க. நான் பாடி நிறுத்துனதும் எல்லாரும் ஏலேலோன்னு ஒண்ணா இழுக்கணும்."

அப்பா பாடி நான் கேட்டதே இல்லை. கோயில் திருவிழாவில்கூட ஓரமாக நிற்கிற மனுஷர். அண்ணாந்து குரலெடுத்தார்.

"கரைக்கு வாடி கண்ணே..."

எல்லோரும் முழித்தார்கள். முதலில் "ஏலேலோ" என்று குரல் கொடுத்தது பெரிய மாமாதான்.

"காத்திருக்கு ஊரே..."

இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை குதிகாலும் ஒரே நேரத்தில் சேற்றில் ஊன்றின. பாட்டுக்கு ஓர் அடி, ஓர் அடியாக வான் மேலே வந்து ரோட்டில் நின்றது. தங்கச்சியை ஏற்றிக்கொண்டு அம்மாவும் அவள் புருஷனும் போனார்கள்.

வான் மறைந்ததும் எல்லோரும் அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே பாட்டு இது? எங்க படிச்சீங்க?" அப்பா வழக்கம்போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார். பெரிய மாமாதான் பேசினார்.

"நான் சொல்றேன். இவரு ஹேவாஹெட்டயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சிலாபத்துக்கு அந்தப் பக்கம் கடக்கரை. கரையில நின்னு இப்பிடிப் பாடிப் பாடிக் கரைவலை இழுக்கிற குடும்பம். கருவாட்டு லொறியில கண்டிக்கு வந்த எடத்துல எந்தங்கச்சியப் பாத்தாரு. வேற சனத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எங்கம்மா சோறு தண்ணியில்லாமக் கெடந்தாங்க. நாந்தான், தோட்டத்து ஆளுன்னு சொல்லிக்குங்க, ஊரப் பத்தி மூச்சு விடாதீங்கன்னு சத்தியம் வாங்கினேன். எங்கம்மா போயும் பல வருசமாச்சு. அப்பவே நான் விட்டிருக்கணும்." அப்பாவின் பக்கம் திரும்பினார். "அந்தச் சத்தியம் போதும், மாப்புள."

ஜெயிலும் இல்லை, இன்னொரு குடும்பமும் இல்லை. கொடுத்த வாக்குக்காகத் தன் ஊரையே விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். மகளுக்கு என்றதும் அதையே ஊரறியப் பாடியும்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஓர் அப்பா இந்த லயத்தில் வேறு யாருக்கு இருக்கிறார் என்று மார்தட்டிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டும்விட்டேன்.

மத்தியானம் அம்மா போன் போட்டார். பொம்பளைப் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். லயமே கூச்சல் போட்டது. அப்பா என் போனை வாங்கி, யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், ஓர் எண்ணை அழுத்தினார்.

"அப்பா, நாந்தான்" என்றார். "சின்னவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு."

அந்தப் பக்கம் தளர்ந்த ஒரு குரல் ஏதோ கேட்டது.

"இல்லப்பா, இன்னைக்கு ஒளிஞ்சு நின்னு பேசல. எல்லாரும் பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க சத்தமாவே பேசுங்க."