மூச்சு நிக்காம அடிச்சவ

எங்க ஆராய்ச்சிக் கூடத்துல எலி அறுக்கிறவ அவ. கத்தரின்னுதான் கூப்பிடுவோம். ஒரே வெட்டு, குட்டி எலியோட மூளைத்தண்டைச் சீவிக் கண்ணாடிக் கிண்ணத்துல போட்டுடுவா. உடம்பே இல்லாத அந்தத் துண்டு அப்பவும் மூச்சு விடச் சொல்லித் துடிக்கும், திரையில கோடு எம்பும். மார்ஃபின் ஜாதி வலி மருந்தை ஊத்தினா கோடு படுத்துடும். செரோட்டோனின்ங்கிற மூளை ரசாயனம் மாதிரி வேலை செய்யற மருந்து ஒண்ணை விட்டா மறுபடி எழுந்திரிக்கும். அதே ஜாதியில இன்னொண்ணை விட்டா இருக்கிற மூச்சும் போயிடும். அந்த நரம்பணுவுல எந்த வாசலைத் தட்டறோங்கிறதுதான் விஷயம்பா.

இவ்வளவு கெட்டிக்காரி, வீட்டுல புருஷன்கிட்ட உதை வாங்குவா. கேட்டா, "கதவுல இடிச்சுக்கிட்டேன்"பா. எந்தக் கதவுடி பல்லைக் குறி வச்சு வருது?

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், எங்க பக்கத்து வீடுதான் அவளுது, அங்கேருந்து அவ கத்தற சத்தம். ஓடினேன். அவ வாயெல்லாம் ரத்தம். அவ புருஷன் தரையில கிடக்கான், உதடு நீலம் பாஞ்சிருக்கு. தெருச்சண்டையில உடைஞ்ச விலாவுக்குக் கொடுத்த மார்ஃபின் ஜாதி வலி மாத்திரையை, இவளை அடிச்ச கையோட அள்ளி முழுங்கியிருக்கான்.

அவ அவன் கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டா. "மூச்சு விடுடா நாயே!" நெஞ்சு எம்பிச்சு. அப்புறம் நின்னுச்சு. மறுபடி பளார்.

"மூச்சை எழுப்புற நம்ம எலி மருந்து உதவாதாடி?"ன்னேன்.

"மனுஷனுக்குள்ள அது எந்த வாசலைத் தட்டும்னு யார் கண்டா? இருக்கிற மூச்சையும் நிறுத்திடும். வலி கொடுத்தா மூளைத்தண்டு கொஞ்சம் முழிச்சுக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

"சனியன், போய்த் தொலையட்டும் விடேன்!" வாய் விட்டே சொல்லிட்டேன்.

"என் கண்ணு முன்னால சாகக் கூடாது"ன்னா. பளார்.

ஆம்புலன்ஸ்காரர் வந்து மாத்திரையை முறிக்கிற ஊசி போட்டார், பையை அமுக்கிக் காத்து கொடுத்தார். அவன் இருமிக்கிட்டே கண்ணைத் தொறந்தான்.

"போதும்மா, மூச்சு தானா வருது"ன்னார் ஆம்புலன்ஸ்காரர்.

அவ நிறுத்தல. கன்னம், காது, தோள், கைக்குக் கிடைச்ச இடமெல்லாம் அடிச்சா. அவன் கையைத் தூக்கி முகத்தை மறைச்சான், அந்தக் கை மேலயும் விழுந்துச்சு. ரெண்டு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரிச்சோம்.

சுவத்துல சாஞ்சு மூச்சு வாங்கினா. "உயிரோட இருக்கான்ல?"

"இருக்கான்டி."

"அப்ப ஆஸ்பத்திரியில இருந்து நேரா அவங்கம்மா வீட்டுக்குப் போகச் சொல்லு. இந்த வாசலை மிதிச்சான்னா, அடுத்த தடவை நான் எழுப்ப மாட்டேன்."