அப்பா கேட்காத நீலம்

எழுபதுகளில் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு முன்கூடம்தான் ஓவியக்கூடம். அதற்கு முன்பு அப்பா சாமி படங்களுக்கும் கல்யாண போட்டோக்களுக்கும் ஃபிரேம் போட்டுக்கொண்டிருந்தார். ஃபிரேம் போட வந்த ஒரு நவீன ஓவியத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அப்படித்தான் தொடங்கியது. யாரும் வாங்காத படங்களை மாட்டிவைத்து, வருகிறவர்களை உட்காரச் சொல்வார். புரியவேண்டும் என்று அவசரப்படாதீர்கள், கொஞ்ச நேரம் பாருங்கள் என்பார். அம்மா காபி கொடுத்து அவர்களை இன்னும் கொஞ்சம் உட்காரவைப்பாள். கடிதங்களை டைப் அடிப்பது என் வேலை.

அப்பா எல்லாரையும்விட அதிகம் நம்பியது ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அக்காவை. பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம். கணவர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சமையல் முடிந்ததும் அடுக்களைத் தரையிலேயே பலகையைக் கிடத்தி வரைவாள். கறுப்பும் பழுப்பும் மட்டும்தான். உருவம் எதுவும் இருக்காது. அவற்றை அப்பா மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் தானே சுமந்து போய்க் காட்டுவார்.

அப்படி அவர் பம்பாய் போயிருந்தபோது ஓர் அரசு நிறுவனத்து அதிகாரி வந்தார். புதிய கெஸ்ட் ஹவுஸுக்குப் படங்கள் வேண்டுமாம். அக்காவின் பெரிய படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிடித்திருக்கிறது, ஆனால் அங்கே திரைச்சீலையெல்லாம் நீலம், படத்திலும் கொஞ்சம் நீலம் சேர்த்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார். அப்பா இருந்திருந்தால் காபி கொடுத்து அனுப்பியிருப்பார். நானோ, எங்கள் படம் ஒன்று முதன்முதலாக அப்படி ஓர் இடத்துக்குப் போகப்போகிறது என்பதை மட்டும்தான் நினைத்தேன்.

படத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை நீ சொல்றியா, அப்பா சொல்றாரா?" என்றாள்.

"அப்பாதான் கேக்கச் சொன்னார்," என்றேன்.

படத்தை வாங்கி அடுக்களைச் சுவரில் சாய்த்து வைத்தாள். நான்காம் நாள் அவள் கணவர் படத்தைக் கொண்டுவந்து இறக்கினார். நட்டநடுவில் அகலமாக ஒரு நீலப்பட்டை. அதிகாரிக்குப் பரம திருப்தி.

ஊரிலிருந்து வந்த அப்பாவிடம், அதிகாரி நீலம் கேட்டதையும் அக்கா போட்டுக் கொடுத்ததையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. அவர் உடனே குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியபடியே, "நான் கேட்டதா நெனச்சிட்டிருக்கா. இல்லேன்னு நான் சொல்லல," என்றார். என்னைத் திட்டவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு படம் கொண்டுவரவே இல்லை. இரண்டு முறை ஆள் அனுப்பியும், நேரமில்லை என்றே பதில் வந்தது. ஆனால் அந்த கெஸ்ட் ஹவுஸைப் பார்த்து மற்ற அலுவலகங்கள் எங்களைத் தேடி வந்தன. ஊருக்குப் புதிய ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த குடும்பம் என்று எங்களைச் சொன்னார்கள். அப்பா அதைக் கேட்கும்போதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அப்பா காலமாகிச் சில வருடங்கள் கழித்து ஹப்சிகுடாவில் ஒரு காய்கறிக் கடையில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அம்மாவை விசாரித்தாள். இப்போது வரைகிறீர்களா என்று கேட்டேன். விட்டு ரொம்ப நாளாச்சு என்றாள். பிறகு, "உங்கப்பா மேல எனக்குக் கோபமெல்லாம் இல்லம்மா. அவருக்கும் நாலு படம் விக்கணுமே," என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பையை வாங்கி ஆட்டோவில் வைத்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.