கதையில் கவிழ்ந்த படகு

"அலை எழும்பி நைனாவின் படகைக் கவிழ்த்தது" என்று மகள் சத்தமாகப் படித்ததும் நான் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தேன். நாளைக் காலை பள்ளியில் கதைப் போட்டி. அதற்காக எழுதிப் பார்க்கிறாள். அவளுடைய நைனா, என் வீட்டுக்காரர், இப்போது கடலில் இருக்கிறார்.

எங்கள் அம்மா, ஆள் கடலில் இருக்கும்போது கழுவிய சட்டியைக்கூடக் கவிழ்த்து வைக்க மாட்டாள். எங்கள் குடிசையில் சட்டிகளெல்லாம் வாய் பிளந்தே கிடக்கும். கருவாட்டு வாசம் அவற்றில் தேங்கி நிற்கும். ஏழாவது படிக்கையில் நானும் ஒரு போட்டியில் இப்படித்தான் எழுதினேன். முதல் பரிசு. டீச்சர் பெருமையாக வீட்டுக்கே வந்து அம்மாவிடம் படித்துக் காட்டினார்.

"உங்க நைனா கடல்ல கீறாரு, நீ இங்க போட்டைக் கவுத்துட்டியேடி!" என்று அம்மா என்னைக் கரைக்கு இழுத்துப் போனாள். மற்ற படகுகளெல்லாம் வந்தன. எங்களுடையது மட்டும் வரவில்லை. "வந்துடுய்யா, வந்துடுய்யா" என்று முணுமுணுத்தபடி நின்றாள். அவள் நகம் என் கையில் பதிந்தே இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில்தான், எஞ்சின் கெட்டுத் துடுப்பு போட்டபடி நைனா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"இந்தா புள்ள, செத்தவன் புடிச்ச மீனு. கொழம்பு வையி."

அம்மா சிரிக்கவில்லை. அதன்பின் என்னைப் பள்ளிக்கு அனுப்பவும் இல்லை.

"இன்னாம்மா, நல்லா இல்லியா?" என்றாள் மகள்.



"நல்லாக்கீது. மீதியையும் எழுது" என்று சொல்லிவிட்டு, நான் கரைக்குப் போய் நின்றேன்.